ஜூன் 15, நீலகிரி

1788-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி இங்கிலாந்தில், பின்னாளில் ஊட்டி நகரத்தை உண்டாக்கிய ஜான் சல்லிவன் பிறந்தார். 111 ஆண்டுகள் கழித்து, 1899-ஆம் ஆண்டு அதே ஜூன் 15-ஆம் தேதி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதனால் நீலகிரியில் இந்த ஒரே நாளுக்கு இரண்டு கொண்டாட்டங்கள். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவனுக்கு மாலை போடுகிறார்கள். ரயில் நிலையங்களில் ஆர்வலர்கள் கேக் வெட்டிப் பயணிகளுக்கு இனிப்பு கொடுக்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு செய்திகளும் அக்கம்பக்கமாக வந்துவிடும்.

குன்னூர்க்காரனான எனக்குத் தேதிக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. பழைய டைரி ஒன்றில் ஆண்டைப் பார்க்காமல், இந்த நாளில் இந்த மலையில் என்றைக்கோ நடந்தது என்ன என்று குறித்து வருகிறேன். ஏப்ரல் 23-இல் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல், 1829. அக்டோபர் 15-இல் ரயில் ஊட்டிக்கு வந்து சேர்ந்தது, 1908. பல பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. ஜூன் 15 மட்டும் நிரம்பி வழிகிறது. அந்தப் பக்கத்தை எழுத எழுத எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது: இதை ஊட்டியின் நாள் என்று சொல்வது சரியில்லை. இது கோத்தகிரியின் நாள், குன்னூரின் நாள். மலையில் ஒரு தேதியை எழுதும்போது, எந்தச் சரிவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சல்லிவன். அவர் கோயம்புத்தூர் கலெக்டர். 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, குளிர்ந்த காற்றும் புல்வெளியுமான ஒரு நாடு மேலே இருக்கிறது என்றார்கள். மறு ஆண்டு ஜனவரியில் கலெக்டரே புறப்பட்டு வந்தார். அவர் வந்து தங்கியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிப் பள்ளத்தாக்கில். அங்கே அவர் கட்டிய பெத்தகல் பங்களாதான் இன்று கன்னேரிமுக்கில் நினைவகமாக நிற்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரை ஏறி வரத்தக்க பாதையை 1820-களின் தொடக்கத்தில் மெக்பெர்சன் என்ற லெப்டினன்ட் போட்டு முடித்தார். வெள்ளைக்காரர்களின் நீலகிரிக்கு முதல் வாசல் கோத்தகிரி. ஊட்டிக்கு அவர்கள் அதன் வழியாகத்தான் போனார்கள்.

1822-இல் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அடுத்து ஏரி வந்தது. உருளைக்கிழங்கும் மற்ற சீமைக் காய்களும் வந்தன. 2022-இல் ஊட்டிக்கு 200 வயது என்று அரசே விழா எடுத்தது. அந்த மே மாதம் முதலமைச்சர் ஊட்டியில் சல்லிவன் சிலையைத் திறந்துவைத்தார். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. இந்த மலை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் மாலை போடும் நாளில் அவரைப் பற்றி முழுவதும் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கட்டடங்கள் எழ வழி திறந்தவர் அவர். அந்த நிலம் தோடர்களுக்கு உரியது, எடுத்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று சென்னை அரசாங்கத்தோடு விடாமல் வாதாடியவரும் அவரே. மலையில் தனக்கென்று பெரிய நிலப்பரப்பையும் அவர் வைத்திருந்தார். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லும் மேடைப்பேச்சு எனக்கு உவப்பாக இல்லை. அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் 1838-இல் இறந்தார்கள். இருவரும் புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஊட்டிக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு ஓட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தால் இந்த ஊரின் ஆரம்பம் கொஞ்சம் புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஊட்டியைக் கண்டுபிடித்த சல்லிவன்" என்று இன்னமும் எழுதுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப்போட்டியில் கூட இதே வரிதான். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்று 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. 1603-இல் பெனிசியோ என்ற பாதிரியார் கேரளப் பக்கத்திலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்துப் பேசி, எழுதியும் வைத்தார். சல்லிவன் பிறப்பதற்கு 185 ஆண்டுகள் முன்பு நடந்தது அது. தோடர் மந்துகளும், கோத்தர்களின் ஊர்களும், படகர்களின் ஹட்டிகளும், குறும்பர், இருளர் குடியிருப்புகளும் அவர் வருவதற்கு முன்பே தங்களுக்குள் கொடுத்து வாங்கி வாழ்ந்த மலை இது. தோடர் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் செய்தார்கள், விழாவுக்கும் சாவுக்கும் இசைத்தார்கள். படகர் தானியம் விளைவித்தார்கள். கண்டுபிடிக்க இங்கே என்ன பாக்கி இருந்தது? சல்லிவன் ஒரு நகரத்தை உண்டாக்கினார் என்று சொன்னால் போதும். அதுவே பெரிய செயல்தான்.

ரயிலுக்கு வருகிறேன். மனம் அதிகம் தங்குவது இங்கேதான். குன்னூரில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

1873-இலேயே மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் ரயில் பயணிகள் மலையடிவாரத்தில் இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் காட் ரோடு என்ற மலைச்சாலையில் ஏறினார்கள். கோடையில் சென்னை அரசாங்கமே ஊட்டிக்கு வந்துவிடும். கோப்புகளும் பெட்டிகளும் ஆட்களும் அதே சாலையில்தான் ஏறி இறங்க வேண்டும். மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லிருந்தே இருந்தது. 1882-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிகன்பாக் பல்சக்கர ரயிலுக்குத் திட்டம் கொடுத்தார். 1891 ஆகஸ்டில் ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்வெட்டிப் பிடி மண்ணை வெட்டினார். 1894-இல் கம்பெனி நொடித்துப்போனது. வேறொரு கம்பெனி எடுத்து முடித்தது. அப்படி எட்டு ஆண்டுகள் இழுத்துத்தான் 1899 ஜூன் 15 வந்தது. விகாரி ஆண்டு, ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்று வந்த ரயில் குன்னூரோடு நின்றது. ஊட்டிக்காரர்கள் இன்னும் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். முதலில் வாசல் திறந்த கோத்தகிரிக்கு ரயில் கடைசி வரை வரவே இல்லை. ஜூன் 15 அன்று பிறந்தவர் முதலில் குடியேறிய ஊர், ஜூன் 15 அன்று தொடங்கிய ரயிலை மலை விளிம்பிலிருந்து கூடப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது. கோத்தகிரி நண்பர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அது உண்மையிலேயே ஒரு குறையாகப் படுகிறது.

கல்லாற்றுக்குப் பக்கத்தில் நின்று பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேதான் பல்தண்டவாளம் தொடங்குகிறது. இரண்டு சாதாரணத் தண்டவாளங்களுக்கு நடுவே, சற்று உயர்த்தி, இரண்டு எஃகுச் சட்டங்கள் அருகருகே போகின்றன. சட்டம் முழுக்கப் பற்கள். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் ஏதாவது ஒரு பல்லை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பிடி விடாது. ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறக்குறைய 19 கிலோமீட்டர் இப்படி. 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம் வரும் இடங்கள் இருக்கின்றன. எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914-லிருந்து வந்து சேர்ந்தன. அவற்றில் சிலிண்டர் நான்கு: இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், இரண்டு பல்சக்கரத்தை ஓட்டும். முதல் இரண்டில் வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்கும் போகிறது. ஏற்றத்தில் எஞ்சின் விடும் மூச்சு இரட்டையாகக் கேட்கும். அதே வகையில் பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எஞ்சின்களைச் செய்தார்கள் என்பது எனக்குப் பெருமையான சேதி.

எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பு மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கைமாறி எஞ்சினுக்குப் போகிறது. இறக்கத்தில் அவரவர் பெட்டிக்கு அவரவர் பிரேக் போடுகிறார். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் என்று எல்லாரும் எண்ணிக்கை சொல்கிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதும் இந்த எண்கள்தான் முன்னால் வந்தன. மேடையில் நின்று கொடி காட்டும் மனிதரைப் படம் எடுக்கிறவர்கள் குறைவு.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் பாதைப் பராமரிப்பில் கீமேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஜூன் 15 அன்று அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "இன்றைக்கு ரயிலுக்குப் பிறந்தநாள், ஐயா" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. நல்லதுதானே. ஆனால் எங்களுக்கு ஜூனில் ஒன்றும் கிடையாது. எங்கள் கணக்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகைதான்" என்றார்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் வேலை நுணுக்கம். விடிந்ததும் ரயிலுக்கு முன்னால் தன் பகுதி முழுவதும் நடந்துவிட வேண்டும். தோளில் சுத்தியும் ஸ்பேனரும், கையில் கொடி. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவி என்ற இரும்பு ஆப்பு தளர்ந்திருந்தால் தட்டி இறுக்க வேண்டும். பல்தண்டவாளத்தின் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே விழுந்த கல்தான் முக்கியம். நெல்லிக்காய் அளவு கல் கூட இருக்கக் கூடாது. இரவு மழை பெய்திருந்தால் கண்ணைவிடக் காது முக்கியம் என்றார். மேலே மண் இளகினால் முதலில் பொடிக்கற்கள் உருளும் சத்தம் வரும். ஹில்குரோவ் நிலையத்துப் பக்கம் யானை நிற்கும். நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான், அது நகரும் வரை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் சலிப்பே இல்லை. யானையையும் அந்தப் பாதையில் வேலைக்கு வரும் ஓர் ஆளாகத்தான் அவர் பேசினார்.

ஐப்பசி, கார்த்திகை என்று அவர் சொன்னதற்குக் காரணம் எல்லா நீலகிரிக்காரர்களுக்கும் தெரியும். இந்த மலைக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் அடித்துப் பெய்யும். மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் மண் சரிந்தது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் சரிவுகள். நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், ரயில் பாதை பல இடங்களில் உடைந்து, மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயில் நெடுநாள் நின்றது. பாதையைக் காப்பவர்களின் நாள்காட்டியில் நவம்பர்தான் கனமான மாதம்.

ஆக ஜூன் 15 அன்று மலையில் என்ன வானிலை என்று கேட்டால் ஒரு பதில் கிடையாது. கூடலூரில் மழை பிடித்துக்கொண்டிருக்கும். கால்வாய் தூர் வாரியாகிவிட்டதா என்ற கவலை அங்கே. ஊட்டியில் சாரலும் காற்றும். சீசன் முடிந்து, மே மாதக் கூட்டம் கரைந்து, கடைக்காரர்கள் அடுத்த சீசனான செப்டம்பரை எண்ணத் தொடங்கியிருப்பார்கள். குன்னூரில் மேகம் வந்து போகும், வெயிலும் எட்டிப் பார்க்கும், தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நடக்கும். மேட்டுப்பாளையத்தில் மேலே பெய்யும் மழையால் பவானியில் தண்ணீர் நிறம் மாறியதா என்று பாலத்தில் நின்று பார்ப்பார்கள். 1899-இல் ரயில் ஜூனில் ஓடத் தொடங்கியது கிழக்குச் சரிவில் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். கூடலூர் வழியாக ஒரு ரயில் வந்திருந்தால் ஜூன் 15-இல் அதைத் தொடங்க எவருக்கும் மனம் வந்திருக்காது.

தேதியே இல்லாமல் நாள் பார்க்கிறவர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள். ஜூன், ஜூலை வாக்கில் படகர் ஊர்களில் தெவ்வ ஹப்பா வரும். புதுத் தானியத்துக்கான விழா. நாள் திங்கட்கிழமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மார்கழிப் பௌர்ணமியைப் பார்த்து, அடுத்த திங்கட்கிழமையைக் கொள்கிறார்கள். கோத்தர்களின் பெரிய விழாவுக்கும் பிறையைத்தான் பார்க்க வேண்டும். இந்த நாள்களை என் டைரியில் எந்தப் பக்கத்திலும் எழுத முடிவதில்லை. ஒரு வருடம் டிசம்பர் கடைசியில் விழும், மறு வருடம் ஜனவரியில் விழும். தேதி போட்டுக் கொண்டாடும் நாள்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களின் நாள்கள்: ஒருவர் பிறந்தது, ஒரு பங்களா எழுந்தது, ஒரு ரயில் ஏறியது. இங்கேயே இருந்தவர்களின் நாள்கள் நிலாவோடும் மழையோடும் நகர்கின்றன. "நீலகிரி வரலாற்றில் இன்று" என்று தினம் ஒரு செய்தி போட நினைக்கும் இளைஞர்களிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன். தேதியை மட்டும் நம்பி எழுதினால் பாதி மலை விடுபட்டுப் போகும்.

தேதியை மறக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் அவர்கள். பாட்டிகளிடம் பிறந்த தேதி கேட்டால் தெரியாது. கப்பலில் ஏறிய நாளும் மண்டபம் முகாமில் பெயர் எழுதிய நாளும் தெரியும். காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அந்தத் தேதிகளில் ஒன்றுக்கும் இந்த மாவட்டத்தில் விழா இல்லை.

1899 ஜூன் 15-இல் முதல் ரயிலைப் பார்க்க யார் யார் நின்றிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனம் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம் போவதில்லை. பாறையை உடைத்துச் சுரங்கங்களைக் குடைந்தவர்களிடம் போகிறது. கல்லாறு அடிவாரக் காடு அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனது; வெள்ளைக்காரப் பயணிகள் இரவில் அங்கே தங்க அஞ்சுவார்கள். அங்கே கூடாரம் போட்டுத் தங்கித்தான் வேலை நடந்தது. மண்வெட்டியைத் தொட்டுக் கொடுத்த ஆளுநரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அதை வாங்கி மிச்ச மண்ணை வெட்டியவர்களின் பெயர் எந்த நிலையத்துப் பலகையிலும் இல்லை. 125 ஆண்டுகள் நிறைந்து போயின. இனி வரும் ஜூன் 15-களிலாவது குன்னூர் நிலையத்தில், எஞ்சினுக்கு மாலை போடும் அதே மேடையில், கீமேன்களையும் பிரேக்ஸ்மேன்களையும் கூப்பிட்டு நிறுத்தி, அவரவர் வேலையை அவரவர் வாயால் பயணிகளுக்குச் சொல்ல வைக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். கேட்கிற பிள்ளைகள் 208 வளைவுகளை மறந்தாலும் அந்த நெல்லிக்காய் அளவுக் கல்லை மறக்க மாட்டார்கள்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு கோரிக்கை. மேட்டுப்பாளையம், காரமடை, குன்னூர் பக்கத்துக் குடும்பங்களில், "கொள்ளுத் தாத்தா ரயில் பாதை போடப் போனார்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் பெரியவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்த மேஸ்திரியோடு போனார், எந்தப் பாலத்தில், எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார், கூடப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். தேதி நினைவில்லை என்று சொன்னால், அந்த வருடத்து மழைக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள்.